விஷமம் என்றால் சேட்டையா, துக்கமா?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஆட்டிசம் பற்றி நம் எல்லையோர ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி (ஓர் அம்மா, கோபாலபுரம்): மகனுக்கு 16 வயசுங்க, ஆட்டிசம். தாத்தா இறந்தப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மூணு நாள் வயிறு வலிக்குதுன்னே சொன்னான். பாசமில்லாத பிள்ளைங்கறாங்க சொந்தக்காரங்க.

பதில்: டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றால், அந்த வலியே துக்கமாக இருக்கலாம்ங்க. எங்கள் பள்ளியில் மலையாள டீச்சர் ஒருவர், "குட்டிக்கு விஷமமாணு" என்றார். பிள்ளை வருத்தமாக இருக்கிறான் என்று அர்த்தம். கூட்டிப்போக வந்த பாட்டி சேட்டை செய்தான் என்று நினைத்துக் காதைத் திருகிவிட்டார்! துக்கம் இருந்தது, சொல்தான் சரியாகப் போய்ச் சேரவில்லை. உங்கள் பையனுக்கு அவன் உடம்பே அந்த மலையாள டீச்சர் மாதிரி. அது சொல்வது அவனுக்கே புரிவதில்லை. இதற்கு அலெக்சிதைமியா என்று 1970-களில் பெயர் வைத்தவர் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர். உணர்வுக்குச் சொல் இல்லாத நிலை என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். நோய் இல்லை, ஒரு தன்மை.

கேள்வி: அப்போ ஆட்டிசம்னாலே இதுதானா?

பதில்: இல்லை. 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருந்தது. மற்றவர்களில் 20 பேரில் ஒருவருக்கு. அடுத்தவர் முகத்தில் கோபமா பயமா என்று படிக்கத் திணறுவதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதி வந்தோம். உளவியல் ஆய்வாளர்கள் ஜெஃப் பேர்டும் ரிச்சர்ட் குக்கும் 2013-இல் அதைத் திருப்பிப் போட்டார்கள்: அந்தத் திணறலில் பெரும்பங்கு அலெக்சிதைமியாவுடையது என்றார்கள். நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொன்னால் எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆனால் மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் வரும் சிக்கல் முழுவதையும் இதன் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கலாமா?

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள். பலருக்கு அது வதை.

கேள்வி (ஆட்டிசம் உள்ள இளைஞர், வேலந்தாவளம்): ஆபீஸில் எனக்கு மனுஷங்களைப் புரியலைங்கறாங்க. தப்பு என்மேலயா?

பதில்: பாதிதான் தம்பி. தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் சொன்னது இதைத்தான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களின் வீடியோவைச் சில நொடி பார்த்ததுமே மற்றவர்கள் பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது தயக்கம் காணோம். அவர்களும் உங்களைப் படிக்கத் தெரியாதவர்கள்தான்.

கேள்வி (ஓர் அப்பா, சித்தூர்): வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: "என்னடா வருத்தம்?" என்று கேட்காதீர்கள். நெஞ்சு படபடக்குதா, கை சில்லென்று இருக்கா என்று கேளுங்கள். எங்கள் பள்ளிப் பையன் ஒருவனுக்குச் சொல்லுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். மனசுக்குள் பதற்றம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று டம்ளரின் வெளியே விரல் வைத்துக் காட்டுவான். காலையில் வந்ததும் எப்போதும் விளிம்பில்தான் விரல். வீட்டுப் பிரச்சினையோ என்று ரொம்ப நாள் குழம்பினோம். அப்புறம்தான் தெரிந்தது, பஸ்ஸின் ஏர் ஹாரன். இப்போது அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுகிறார், விரல் பாதிக்குக் கீழே நிற்கிறது.