வாசகர் கேள்வி – பதில்: நாட்டார் பாட்டும் வானொலிக் கலையகமும்

கேள்வி: கன்ட்ரி, ரூட்ஸ் எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்கென நடக்கும் வானொலி நிகழ்ச்சிகளை இணையத்தில் கேட்டு வருகிறேன். பாடகர்களைக் கலையகத்துக்கே வரவழைத்து, பேசவிட்டு, அங்கேயே பாட வைக்கிறார்கள். தரமான ஒலிப்பதிவுகள் கைவசம் இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: அந்த இசை வானொலியில் வளர்ந்ததே நேரஞ்சலால்தான். 1925 நவம்பர் 28ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையத்தில் அங்கிள் ஜிம்மி தொம்சன் என்ற 77 வயது முதியவர் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து பிடில் வாசித்தார். பின்னர் ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ என்று பெயர் பெற்று இன்றும் தொடரும் நிகழ்ச்சி அந்த இரவிலிருந்தே தன் வயதைக் கணக்கிடுகிறது. (நமது கொழும்பு வானொலி அதே ஆண்டு டிசம்பர் 16இல் தொடங்கியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.) நிலையத்தை நடத்தியது ஒரு காப்புறுதி நிறுவனம். வாசிப்பவர்களை நேரில் பார்க்க வந்த கூட்டம் கலையகத்துக்குள் அடங்காமல் போகவே, நிகழ்ச்சி மண்டபம் மண்டபமாக மாறி, 1943 முதல் 1974 வரை ரைமன் மண்டபத்தில் நிலைத்தது.

ஆனால் உங்கள் கேள்விக்கான உண்மையான விடை வேறோரிடத்தில் இருக்கிறது. 1927இல் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடிய கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ.பி. கார்ட்டர், மலைக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பழைய பாடல்களைத் தேடியவர். அவருடன் சென்ற லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள, கார்ட்டர் சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டார். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் என்பதால், நீண்ட கதைப்பாடல்கள் பல சரணங்களை இழந்தே பதிவாயின. தட்டில் இடம்பெறாத சரணத்தையும், பாடலை யாரிடம் கற்றார் என்பதையும், அதே பாடலை அடுத்த ஊரில் எப்படித் திருப்பிப் பாடுவார்கள் என்பதையும் பாடகர் வாயிலாகத்தான் அறிய முடியும். விருந்தினரை அழைப்பது அதற்காகவே. அவரை அழைத்து வைத்துக்கொண்டு புதிய இசைத்தட்டைப் பற்றி மட்டும் விசாரிக்கும் அறிவிப்பாளர் நேரத்தை வீணாக்குகிறார் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் கூத்துப் பாடல்களை இவ்விதம் கலையகத்தில் பாட வைக்க இயலுமா? வட்டக்களரியில் விடிய விடிய ஆடுவதை ஓர் அறைக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும்?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: ஆட்டம் மிஞ்சாது, அதை மறைக்க வேண்டியதில்லை. பாட்டு மிஞ்சும், அதைவிட முக்கியமாக, கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரின் விளக்கம் மிஞ்சும். கூத்துக் கொப்பியில் சொற்கள் இருக்கின்றன, சிலவற்றில் தாளக்கட்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில்தான் இருக்கிறது. ஆகவே அவரிடம் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டுக்கொண்டிராமல், ஓர் அரசனின் வரவுப் பாட்டை, கூத்தின் இரு பாணிகளான வடமோடியில் ஒரு முறையும் தென்மோடியில் ஒரு முறையும் பாடிக் காட்டும்படி கேளுங்கள். கேட்பவருக்கு வேறுபாடு பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

ஒலிவாங்கி விடயத்தில் பழைய அமெரிக்க முறை நமக்கு நன்கு பொருந்தும். அங்கே குழுவினர் அனைவரும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, தனியாகப் பாடுபவரோ வாசிப்பவரோ தம் முறை வரும்போது ஓரடி முன்னே வந்து, முடிந்ததும் பின்வாங்குவார்கள். ஒலியளவைத் தீர்மானித்தது அவர்களின் கால்கள்தான். இங்கே பாடுபவரை முன்னும், பிற்பாட்டுக்காரரை அவருக்குப் பின்னும், மத்தளத்தை இன்னும் சற்றுத் தள்ளியும் நிறுத்துங்கள். சல்லாரி என்ற கைத்தாளத்தைச் சுவரோரம் அனுப்பிவிடுங்கள். அருகில் வைத்தால் அதன் கூர்மையான ஓசை சொற்களை விழுங்கிவிடும். வருபவர்களுக்குப் பயணச் செலவும் சன்மானமும் கொடுக்க வேண்டும் என்பதை நமது நிலையங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: நமது பகுதியில் கன்ட்ரி இசைக்கு மிக நெருக்கமானது எது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வாத்தியத்தைப் பார்த்தால் மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் ஆடும் கபிறிஞ்ஞா என்ற நடனத்தின் இசை, அதிலும் வயலினும் கிட்டாரும் உண்டு, அதிலும் ஆடுபவரின் காலுக்காகவே வாசிக்கிறார்கள். பாடலின் பொருளைப் பார்த்தால், நீங்கள் தேடிச் செல்ல வேண்டியதில்லை. மச்சானை எண்ணி மச்சியும் மச்சியை எண்ணி மச்சானும் பாடும் உங்கள் பகுதி முஸ்லிம் மக்களின் கவிகள், பிரிவையும் வறுமையையும் வீண்பேச்சு இல்லாமல் நான்கு அடியில் சொல்லிவிடுகின்றன. பக்கவாத்தியம் வேண்டாத அந்தக் கவிகளுக்கு ஓர் ஒலிவாங்கி போதும்; வானொலிக்கு இதைவிட இலகுவான விருந்தினர் கிடையாது.

கேள்வி: ஒப்ரியை இங்கிருந்து நேரஞ்சலாகக் கேட்பது எப்போது?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: டபிள்யூ.எஸ்.எம். நிலையம் இணையத்திலும் ஒலிக்கிறது. நாஷ்வில்லில் சனிக்கிழமை இரவு 7 மணி என்பது நமக்கு ஞாயிறு காலை 5.30, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தைப் பின்தள்ளும் மாதங்களில் 6.30. இடையில் வரும் விளம்பரங்களுக்காக வானொலியை மூடிவிடாதீர்கள்; அறிவிப்பாளர் மேடையில் நின்றபடி அவற்றை வாசிக்கும் பழைய வழக்கத்தை அங்கே இன்னும் கேட்கலாம்.