கீறலா, தழும்பா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் எழுதிய பிறகு இரண்டு ஆண்டுகளாக ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். அடையாள அட்டைப் படம், அழைப்பிதழ், மரண அறிவித்தல், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) எல்லாம் என் கையால்தான் போகின்றன. கடைக் கணினியில் ஒரு நண்பர் போட்டுத் தந்த போட்டோஷொப் இருக்கிறது. என்னிடம் 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. யூரியூப்பில் நூறு பாடங்களுக்கு மேல் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது விளங்குகிறது, நானாகச் செய்ய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று மாத வகுப்பு ஒன்றுக்கு 60,000 ரூபா கேட்கிறார்கள். சங்கிலியை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார் அம்மா. போகட்டுமா? அல்லது நல்ல புத்தகம், நல்ல பாடம் ஏதாவது சொல்வீர்களா?

இன்னொன்று. அம்மாவிடம் என் மாமாவின் படம் ஒன்று இருக்கிறது. எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே படம். அதைத் திருத்திப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஸ்கான் செய்து இணைத்திருக்கிறேன். நாடியில் ஒரு கீறல், இடது மூலையில் மஞ்சள் கறை. இவற்றை எடுக்க எந்தப் பாடத்தைப் பார்க்கவேண்டும்?

ச.

அன்புள்ள தம்பி,

சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். மாங்குளம் சந்திக்குப் போய் பஸ் மாறி, யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்து மூன்று மாதம் படிக்கும் வகுப்பு மெனுவில் உள்ளதையெல்லாம் வரிசையாகக் காட்டும். கடைசியில் ஒரு சான்றிதழ் தரும். அங்கே கிடைக்காத ஒன்று உங்கள் கடையில் நாள்தோறும் வந்து விழுகிறது: திருத்தவேண்டிய உண்மையான படங்கள், அவற்றுக்கு உரிமையான மனிதர்கள். ஆறு மாதம் அதில் பழகிய பிறகும் ஒரு பெரிய அச்சகத்தில் வேலைக்குச் சேரச் சான்றிதழ் வேண்டுமென்றால் அப்போது போகலாம்.

நூறு பாடம் பார்த்தும் கை ஓடாததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை அந்த வித்தைக்கென்றே தெரிவு செய்த படத்தில் நடப்பவை. நல்ல வெளிச்சம், தெளிவான முகம், வெறும் பின்னணி. இந்தப் பொத்தான், பிறகு அந்தப் பொத்தான், எண்ணை 40க்குக் கொண்டுபோங்கள் என்பார்கள். ஏன் 40 என்று சொல்வதில்லை. உங்கள் கடைக்கு வருவது மழையில் நனைந்து காய்ந்த படம். அதில் 40 வேலை செய்யாது. ஆகவே ஒரு பாடத்தின் முதல் மூன்று நிமிடங்களில் ஏன் என்பதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். எந்தப் பதிப்பில் செய்கிறார், கூடிப்போனால் எப்படித் திரும்பி வருகிறார் என்பதையும் பாருங்கள். இவை இல்லாவிட்டால் மூடிவிடுங்கள். டேட்டாவும் மிஞ்சும்.

மென்பொருளைப் பற்றி. நண்பர் போட்டுத் தந்த போட்டோஷொப்பை விட்டுவிடுங்கள். 2013 முதல் அடோபி நிறுவனம் அதன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கே தருகிறது. களவுப் பிரதிகளோடு என்னென்ன வைரஸ் சேர்ந்து வருகிறது என்பது போட்டுத் தந்தவருக்கே தெரியாது. உங்கள் கணினியில் ஊர்ச்சனத்தின் அடையாள அட்டைகள் கிடக்கின்றன. உங்கள் மடிக்கணினிக்கு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதும். 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அதன் அதிகாரபூர்வக் கையேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத இரவிலும் படிக்கலாம். ஆங்கிலத்தில்தான் படிக்கவேண்டியிருக்கும். அதற்காகத் தயங்காதீர்கள். மெனுவையும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், உலகத்துப் பாடங்கள் எல்லாம் அந்தப் பெயர்களில்தான் வருகின்றன. உங்கள் குறிப்புக் கொப்பியை மட்டும் தமிழில் எழுதுங்கள், உங்கள் சொந்தச் சொற்களில்.

ஒரு எச்சரிக்கை: கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முந்திய 2.10 வந்தது 2018இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் எடுத்த பாடங்களில் சில கட்டளைகள் வேறு இடத்தில் இருக்கும். தேடிக் களைக்காமல் கையேட்டில் பெயரைத் தேடுங்கள். நண்பர் தந்த பழைய பிஎஸ்டி (போட்டோஷொப்) கோப்புகளைத் திறக்கவேண்டி வந்தால் ஃபோட்டோபீ என்ற இணையதளத்தில் திறக்கலாம். அது போட்டோஷொப்பின் முகத்தோடேயே இருக்கும். படம் உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது.

அழைப்பிதழும் கல்வெட்டும் செய்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போட்டோஷொப்பில் யுனிகோட் தமிழைத் தட்டினால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்பதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் நம் கடைகள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடாமல் வைத்திருக்கின்றன. பிழை தமிழில் இல்லை. அதன் பழைய பதிப்புகளில் விருப்பத்தெரிவுகளில் (Preferences) எழுத்து (Type) என்ற பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யவேண்டும். கிம்பில் அந்தத் தொல்லையே இல்லை. பாமினியில் செய்த கல்வெட்டை நாளை யாராவது ஒரு பெயரைச் சொல்லித் தேடினால் அகப்படாது. யுனிகோடில் செய்து எழுத்தாகவே சேமித்தது அகப்படும். இறந்தவரின் பெயர் தேடினால் அகப்படவேண்டும் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

புத்தகம் கேட்டீர்கள். பழைய புத்தகம் என்று எதையும் ஒதுக்காதீர்கள். போட்டோஷொப்பில் லேயர், அதாவது படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலம், வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். அன்று அதைப் பற்றி எழுதியது இன்றும் பொருந்தும். நூலகத்தில் பதினைந்து வருடப் பழைய போட்டோஷொப் புத்தகம் கிடைத்தால் எடுத்துவந்து லேயர், மாஸ்க், லெவல்ஸ், கேர்வ்ஸ் பற்றிய அத்தியாயங்களை மட்டும் கிம்பில் செய்து பாருங்கள். மாஸ்க்கைக் கட்டாயம் பழகுங்கள். அழிப்பானால் அழித்தது போய்விடும். மாஸ்க்கில் மறைத்தது கீழே பத்திரமாக இருக்கும், வெள்ளைத் தூரிகையால் தடவினால் திரும்பி வரும். ஒரே ஒரு படம் மிஞ்சியிருக்கும் வீட்டுக்கு வேலை செய்பவருக்கு இந்தப் பழக்கம் இல்லாமல் முடியாது.

நான் பழகியது ஒரு மனிதரிடம். வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோவில் அவர் இருந்தார். பிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் கூர்த்த பென்சிலால் முகத்துப் பள்ளங்களை நிரப்பியவர். கணினியில் 'டொட்ஜ்' கருவியின் படமாகக் குச்சியில் குத்திய ஒரு வட்டம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இருட்டறையில் அவர் உண்மையாகவே அப்படி ஒரு குச்சியை வைத்திருந்தார்; தாளின் மேல் விழும் ஒளியை அதனால் மறைத்து அந்த இடத்தை வெளிறச் செய்வார். 'பேர்ன்' என்பதற்குக் கையைக் குவித்துக் காட்டும் படமும் அங்கிருந்து வந்ததுதான். மௌஸைப் பிடிக்க அவருக்கு வராது. பக்கத்தில் நின்று, "மூக்கின் நிழலைத் தொடாதே, அது போனால் ஆள் போய்விடும்" என்பார். அப்படிப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் போங்கள். ஒரு நாள் அவர்களோடு இருந்து ஒரு முகத்தைப் பாருங்கள்.

2011இல் நான் கிளிநொச்சியில் இருந்தேன். போர் முடிந்து அகதி முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய சனம் படங்களோடு வந்த காலம். திருமண அல்பம், சாமத்திய வீட்டு அல்பம் எல்லாம் பதுங்குகுழிகளிலும் நந்திக்கடல் ஓரத்திலும் போய்விட்டன. மிஞ்சியது அடையாள அட்டை, பள்ளிக்கூடத்துக் குழுப்படம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு முன்பு அனுப்பியதால் தப்பிய ஒரு பிரதி. ஒரு அம்மா தன் மகனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்தார். படம் முழுவதும் மடிப்பும் கீறலும். நான் இரண்டு நாள் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். சுத்தமான முகம் வந்தது. பிரேம் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பிள்ளை, இவன் ஆறு வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்தவன். புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும். அது எங்கே?" என்றார்.

நான் அதைக் கீறல் என்று எடுத்துவிட்டேன். மாஸ்க் போட்டு வேலை செய்திருந்ததால் அரை மணிநேரத்தில் அந்தத் தழும்பைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. ஆனால் அந்தத் தாய் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டி வந்ததே. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு படத்தோடு வந்தவரை உட்காரவைத்து, முகத்தைப் பற்றிக் கேட்காமல் நான் எந்தக் கருவியையும் தொட்டதில்லை. மச்சம் எங்கே, பல்லில் இடைவெளி உண்டா, எந்தப் பக்கம் வகிடு எடுப்பார், காது குத்தியிருந்ததா. கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

அதனால்தான் இப்போது வந்திருக்கும், ஒரு அமத்தலில் முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நினைத்துப் பயப்படுகிறேன். சின்னப் படத்தில் கண்ணுக்குப் பத்துப் பிக்சல்தான் இருக்கும். அந்தக் கருவி பல்லாயிரம் வேறு முகங்களில் பழகிய கண்ணை அங்கே கொண்டுவந்து வைக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். வருகிறவர் வேறொருவர். வானத்திலோ சுவரிலோ உள்ள புள்ளிகளை எடுக்க அதைப் பயன்படுத்துங்கள், முகத்தில் வேண்டாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் மடியில் இருந்தவை இத்தகைய படங்கள்தான். தேடப்படுகிறவரின் முகத்தில் நாம் ஒரு மயிரிழையும் கூட்டக்கூடாது.

இனி உங்கள் மாமாவின் படம். நீங்கள் அனுப்பியது 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளியில், எடுத்த ஸ்கான். 35 மில்லிமீற்றருக்கு 45 மில்லிமீற்றர் படத்துக்கு அதில் 413க்கு 531 பிக்சல்தான் கிடைக்கும், சுவருக்குப் போதாது. 1200இல் எடுங்கள், 1654க்கு 2126 வரும். ஐந்துக்கு ஏழு அங்குலத்தில் நன்றாக அச்சாகும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஸ்கானர் பெட்டியில் எழுதியிருக்கும் மிகப் பெரிய எண்ணை நம்பவேண்டாம், ஒப்டிகல் என்று போட்டிருக்கும் எண்தான் உண்மை. ஸ்கானரின் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் நிறுத்திவிட்டு டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். லமினேற் செய்த படம் என்றால் உரிக்கவே கூடாது. படத்தின் மேற்படை அந்தப் பிளாஸ்டிக்கோடு போய்விடும். அப்படியே வைத்து எடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் கலரில் ஸ்கான் செய்யுங்கள். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்குவது. கலர்ப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சனல்களால் ஆனது. ஆகவே நீலச் சனலில் கறை கறுப்பாகத் தெரியும், சிவப்புச் சனலில் பெரும்பாலும் மறைந்திருக்கும். கிம்பில் சனல்களைப் பிரித்து, சிவப்பை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக வேலை செய்தால் கறையில் பெரும்பகுதி நீங்கள் தொடாமலே போய்விடும். பிறகு லெவல்ஸ். வரைபடத்தில் மலைபோலத் தெரிவது 0 முதல் 255 வரை எங்கெங்கே எவ்வளவு பிக்சல் இருக்கிறது என்பது. வெளிறிய படத்தில் மலை நடுவில் ஒடுங்கி நிற்கும். இரண்டு முனைகளையும் மலையின் அடிவாரம் வரை கொண்டுவாருங்கள், அதற்குள்ளே போகாதீர்கள். போனால் சட்டையின் மடிப்பு வெள்ளையில் கரைந்துவிடும். மடிப்புக் கோடுகளுக்கு ஹீல் கருவி, படத்தின் நகல் லேயரில், சின்னத் தூரிகையால். பின்னணியில் தொடங்குங்கள், பிறகு சட்டை, கடைசியில் முகம். இந்த ஒரு படத்தை முடிப்பதற்குள் கையேட்டின் ஏழெட்டு அத்தியாயங்களைப் படித்திருப்பீர்கள்.

நாடியில் இருக்கும் வெள்ளைக் கோட்டைக் கீறல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளில் விழுந்த கீறல் முகம், சட்டை, பின்னணி என்று பார்க்காது; நேராக ஓடும். நெற்றிக்கு மேலே இருக்கும் இரண்டு கோடுகளும் அப்படித்தான் தலைமயிரைக் கடந்து பின்னணிக்குள் போகின்றன. இந்தக் கோடு நாடியிலேயே தொடங்கி, அதன் வளைவோடு வளைந்து, கழுத்துக்கு வருமுன் முடிந்துவிடுகிறது. அதன் ஒரு விளிம்பில் மெல்லிய நிழலும் இருக்கிறது.

இன்றைக்குக் கடை பூட்டி வீட்டுக்குப் போனதும் படத்தை அம்மாவின் கையில் கொடுத்து, மாமாவின் நாடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வைத்துவிட்டு எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா