வருமான வரி கட்டுகிறவனுக்கு அரசு என்ன திருப்பித் தருகிறது?

"சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதை எடுத்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கட்டுகிற எனக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இவ்வளவு கோபம் வருவதில்லை. இதே கேள்வியை இதே சூட்டோடு நானும் பதினான்கு வருடம் கேட்டுக்கொண்டிருந்தவன்.

எனக்கு ஊர் கடலூர். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் மற்ற மாதங்களைவிடக் குறைவாகச் சம்பளம் வரும்போது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நானும் சொல்வேன்.

2023 தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா கொல்லைப்புறத்தில் கைபம்பு அருகே விழுந்துவிட்டார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணிவிட்டது. முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக் கசிவு, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், முதலில் நான்கு லட்சம் கட்டுங்கள் என்றார்கள். என் கணக்கில் எண்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அங்கிருந்த நர்ஸ் ஒருவர்தான் தனியாக அழைத்து, நேரத்தை வீணாக்காமல் புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போங்கள் என்றார். கொட்டுகிற மழையில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி, கோரிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை மணி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்து காத்திருந்தார்கள். இவர்களில் எத்தனை பேர் வரி கட்டியிருப்பார்கள், என் அப்பா ஏன் இவர்களுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடியது. ஆனால் யார் வரி கட்டினார், யார் கட்டவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. யாருக்கு உயிர் ஆபத்து அதிகமோ அவரை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். விடிவதற்குள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது.

பத்தொன்பது நாட்கள் அங்கே இருந்தோம். இரவில் வெளியே தாழ்வாரத்தில்தான் படுக்கை. பக்கத்தில் செஞ்சிப் பக்கத்து அம்மா ஒருவர். பனைமரத்திலிருந்து விழுந்த மகனுக்காக வந்திருந்தார். கடலைக்கொல்லையில் களையெடுக்கப் போகிறவர். நான் விரிக்க எதுவும் கொண்டுபோகவில்லை என்று தெரிந்ததும், தான் விரித்திருந்த பழைய சேலையின் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார். மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஒரு சோப்பும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கி வந்தார். சோப்பை நூலால் இரண்டாக அறுத்து ஒரு துண்டை என்னிடம் கொடுத்தார். அந்தச் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அன்றைக்கு 18% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில்தான் அதை 5% ஆகக் குறைத்தார்கள். வரி கட்டாதவர் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த அந்த அம்மா, என் கண் முன்னால் வரி கட்டிவிட்டு வந்து அதில் எனக்கும் பங்கு கொடுத்தார். சோப்புக்கு நான் கொடுக்கும் அதே வரியை அவரும் கொடுக்கிறார். அவர் கூலியோடு ஒப்பிட்டால் அது என்னுடையதைவிடப் பெரிய தொகை.

அங்கே உட்கார்ந்து, டைரியின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் நான் கட்டிய வருமான வரி மொத்தம் சுமார் மூன்று லட்சத்து இருபதாயிரம். தனியார் மருத்துவமனையில் கேட்ட முன்பணத்துக்கே அது போதாது. ஜிப்மரில் எங்கள் கையிலிருந்து போனது, சாப்பாட்டையும் சேர்த்துப் பதினோராயிரம் சொச்சம். ஜிப்மர் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. சம்பளத்தில் பிடித்த என் வருமான வரியும் அந்த அம்மாவின் சோப்பு வரியும் போய்ச் சேர்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

ஒரு நல்ல அனுபவத்தை வைத்துக்கொண்டு எல்லாம் சரியாக நடக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. எனக்கும் வருத்தம் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் விரல் நீட்டும் பக்கத்தில் இல்லை.

இலவசம்தான் எல்லாவற்றையும் தின்கிறது என்கிறீர்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒரு ரூபாய்ச் செலவில் முக்கிய மானியங்களுக்கு ஒதுக்கியது 6 காசு. பழைய கடனுக்கு வட்டி கட்ட 20 காசு, ராணுவத்துக்கு 8 காசு. மகளிர் உரிமைத் தொகை, பெண்களுக்கு இலவச பஸ் போன்றவை மாநில பட்ஜெட்டில் வருபவை. வருமான வரி கட்டும் குடும்பத்துக்கு உரிமைத் தொகை கிடையாது என்பது என் மனைவிக்கு இன்றுவரை ஆறாத குறை. அதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். 2024-25-இல் எனக்கு வந்த வரி 41,600 ரூபாய். அதில் அசல் வரி 40,000, அந்த வரியின் மேல் போடும் சுகாதார, கல்வி செஸ் 1,600. மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு சொன்னபடி பகிர்ந்தால் அந்த நாற்பதாயிரத்தில் 41%, அதாவது 16,400 ரூபாய், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079%. வகுத்தால் 669 ரூபாய். நான் வேலை பார்க்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அதற்கு இந்தப் பகிர்வில் பங்கே இல்லை, மத்திய அரசு கொடுக்கும் மானியம்தான். திட்டங்கள் வழியாக வருவது தனி, அதை நான் சேர்க்கவில்லை. நம்மைவிடப் பெரிய பங்கு போகும் பீகாரில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 13-வது நிதிக்குழுக் காலத்தில் 4.969% ஆக இருந்த தமிழ்நாட்டின் பங்கு இப்படிச் சுருங்கியது வலிக்கத்தான் செய்கிறது.

இதைவிட வலிப்பது செஸ். அந்த 1,600 ரூபாயில் மாநிலங்களுக்கு ஒரு காசு பங்கு கிடையாது. சுகாதாரம், கல்வி என்று பெயர் சொல்லி வாங்குகிறார்கள். முன்பு இருந்த இடைநிலை, உயர்கல்வி செஸ் 2007-இல் தொடங்கியது. அதற்கென்று தனி நிதியம் அமைக்க 2017-இல்தான் ஒப்புதல் வந்தது. அந்தப் பத்து வருடத்தில் நானும் செஸ் கட்டினேன்.

      

2025-26 முதல் வருமான வரியின் புதிய முறையில் 12,75,000 வரையிலான சம்பளத்துக்கு வரி இல்லை என்றாகிவிட்டது. என் சம்பளம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக, இப்போது நான் ஒரு ரூபாய்கூட வருமான வரி கட்டுவதில்லை. கட்டுகிறவன்தான் கேட்கலாம் என்றால், நாளைக்கு அப்பாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது நான் வாய் திறக்கக்கூடாது. அப்படி இருக்க எனக்குச் சம்மதமில்லை. அந்த செஞ்சி அம்மாவும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் இன்னும் கட்டுகிறீர்கள் என்றால், சம்பளத்தில் பிடித்த வரிக்கு அலுவலகத்தில் கொடுக்கும் படிவம் 16-ஐ எடுத்து செஸ் என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தத் தொகை எந்தப் பள்ளிக்கு, எந்த மருத்துவமனைக்குப் போனது என்று கேளுங்கள். அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.