கண்மாயைத் தோண்டும் முன் வரத்துக் கால்வாயைப் பாருங்கள்

கேள்வி: மதுரை ஆனையூர்ப் பக்கம் குடியிருக்கிறோம். சித்திரை பிறந்தாலே தெருவில் பாதி போர்வெல் வற்றிவிடுகிறது. பக்கத்துக் கண்மாயை ஜேசிபி விட்டு ஆழப்படுத்தி, கரையில் மரக்கன்று நடலாம் என்று சங்கத்தில் பணம் திரட்டியிருக்கிறோம். ஓர் உறுப்பினர் மட்டும், “நியூயார்க்கில் குடிநீர்த் துறையே மலையைக் காப்பாற்றுகிறது. இங்கே மாநகராட்சி செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்கிறார். எது சரி?

பதில்: ஜேசிபிக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

உங்கள் உறுப்பினர் சொல்வது உண்மைதான். நியூயார்க் நகரத்துக்குத் தண்ணீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. ஆறு, ஏரித் தண்ணீரை வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று 1989-ல் அமெரிக்க மத்திய அரசு விதி போட்டது. நீர்ப்பிடிப்பை, அதாவது மழைத்தண்ணீர் இறங்கி வரும் நிலப்பரப்பை, ஒழுங்காகக் காப்பதாகக் காட்டினால் விலக்கு உண்டு. வடிகட்டும் நிலையம் கட்டப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் பார்த்த நகரம், 1997-ல் மலை ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது. விற்கச் சம்மதிக்கிறவர்களிடம் மட்டும் நிலம் வாங்கினார்கள். மாடு ஓடையில் இறங்காதபடி பண்ணைக்காரர்களுக்கு வேலி போடவும், வீடுகளில் பழுதான செப்டிக் டேங்க்கைச் சரிசெய்யவும் நகரத்துப் பணம் போனது. செப்டிக் டேங்க்கை நினைவில் வையுங்கள், உங்கள் தெருவுக்கும் அதுதான் பாடம்.

நம்மூர் அமைப்பு வேறு. குழாயில் வரும் வைகைத் தண்ணீர் வருசநாடு, மேகமலை மலைகளில் பிறக்கிறது. அதோடு பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்து வந்து சேர்கிறது. அதன் நீர்ப்பிடிப்பு கேரளக் காட்டில் இருக்கிறது. காடு வனத்துறையிடம், அணை நீர்வளத்துறையிடம், தெருக்குழாய் மாநகராட்சியிடம். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வைகைக்கும் காப்புதான், ஆனால் அங்கே மாநகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. இத்தனையும் குழாய்த் தண்ணீர் விஷயம். உங்கள் போர்வெல்லுக்கு நீர்ப்பிடிப்பு மேகமலை இல்லை. அந்தக் கண்மாய்க்கு எங்கிருந்தெல்லாம் மழைத்தண்ணீர் இறங்குகிறதோ, அந்தக் காடு கரையும் மேட்டுத் தெருக்களும்தான்.

அதனால் முதல் வேலை நடை. கிராம நிர்வாக அலுவலரிடமோ சர்வே பிரிவிலோ கண்மாய்க்கும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்க்கும் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள். மழை பெய்து ஓய்ந்த அன்றே கால்வாயின் தலையிலிருந்து கண்மாய் வாய் வரை நடந்து பாருங்கள். படத்தில் 20 அடி அகலமாக வரும் வாய்க்கால், தரையில் காம்பவுண்ட் சுவரை ஒட்டி நாலடியாக ஒடுங்கியிருக்கும். சாலைக்குக் குறுக்கே போட்ட சிமென்ட் குழாய்க்குள் குனிந்து பார்த்தால், பாதிக்கு மேல் கட்டட இடிபாடும் பாலிதீன் பையும். மேல்பக்கம் தண்ணீர் தேங்கித் தெருவுக்குள் திரும்பும், கீழ்ப்பக்கம் கால்வாய் காய்ந்து கிடக்கும். அந்த ஒரு இடத்தைத் திறந்துவிட்டால், கண்மாயை மூன்றடி தோண்டுவதைவிட அதிகத் தண்ணீர் கிடைக்கும். வரத்து இல்லாத கண்மாயை எவ்வளவு தோண்டினாலும் பள்ளம்தான் மிஞ்சும்.

ஆனால் திறப்பதற்கு முன் மோந்து பாருங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மழை இல்லாத நாளிலும் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது சாக்கடை. அதைத் தூர்வாரினால் சாக்கடை இன்னும் வேகமாகக் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து மெல்ல உங்கள் போர்வெல்லுக்கே வரும். எந்தெந்த வீட்டுக் குழாய் கால்வாயில் விடப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் சேர்க்க வையுங்கள். இல்லையென்றால் செப்டிக் டேங்க்கை ஒழுங்காகக் கட்டச் சொல்லுங்கள். சங்கப் பணத்தில் முதல் செலவு இதற்கே போகலாம். சண்டை வரும், அது தெரிந்ததுதான். இரண்டு போர்வெல் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, சாக்கடை கலந்தால் கூடும் நைட்ரேட் அளவு பார்த்துக் கையில் வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இவ்வளவுக்கும் பிறகு தூர்வாரலாம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு ஏறாது, பிள்ளைகள் மூழ்கும் குழியும் அதுதான். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை சரியும். எடுத்த மண்ணைக் கண்மாய்க்குள்ளேயே மேடு கட்டுவது வீண். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் சொல்லி வையுங்கள், பாதி வேலை செலவில்லாமல் முடியும். மரக்கன்றுக்கு அவசரம் வேண்டாம். கரைக்குப் பனை போதும், நீர் பரவும் இடத்தில் எதுவும் வேண்டாம்.

அனுமதி இல்லாமல் எதிலும் கை வைக்காதீர்கள். 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியம், நகர எல்லைக்குள் சில மாநகராட்சி வசம். முதலில் யார் வசம் என்று உறுதி செய்யுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் நீங்களே போய் இடிக்கக் கூடாது. நீர்வளத்துறைக் கண்மாய்க்கு அதற்கென்றே 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மனு அந்த அலுவலகத்துக்குப் போகட்டும்.

அப்புறம் மொட்டை மாடி. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. 1,000 சதுர அடி மாடியில் விழுவது கிட்டத்தட்ட 79,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-லேயே கட்டாயமாக்கியது. ஆனால் பல வீடுகளில் அந்தத் தொட்டிக்குமேல் இப்போது கார் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன் சங்கத்து வீடுகளில் அதைத் திறந்து, ஜல்லியைக் கழுவிப் போடச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.