டிஷ்வாஷர் கழிவுநீர்க் குழாய்: அடைத்தால் நீங்களே திறக்கும்படி அமைப்பது எப்படி?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் டிஷ்வாஷர் யுட்டிலிட்டியில் இருக்கிறது. கழிவுநீர் ஹோஸைத் தரையில் உள்ள நஹானி ட்ராப்புக்குள் செருகி வைத்திருக்கிறோம். கழுவி முடித்த பிறகும் அடியில் தண்ணீர் நிற்கிறது, நாற்றமும் வருகிறது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இப்போது மாடுலர் கிச்சன் போடுகிறோம். மெஷினைச் சிங்க் பக்கத்துக்கு மாற்றப் போகிறோம். அடைப்பு வந்தால் நாங்களே எடுக்கும்படி அமைக்க முடியுமா?"

தாராளமாக முடியும். கார்பென்டர் வருவதற்கு முன்பே கேட்டதுதான் நல்லது. பலகை அடித்து மூடிய பிறகு என்றால் கேபினெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

முதலில் ஒன்று. ஃபில்டரைத் தூக்கினால் அதன் கீழுள்ள குழியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும். அது கோளாறு இல்லை. ஃபில்டருக்கு மேலே, தட்டையான தகட்டின் மீது தண்ணீர் நின்றால்தான் பிரச்சினை. நாற்றம் மேலே வராதபடி கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைப்பதுதான் ட்ராப்பின் வேலை. உங்கள் வீட்டில் ஹோஸின் வாய் அந்த நீருக்குள் மூழ்கி, கசடு பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். பம்ப் தள்ளும் தண்ணீர் முழுதாக வெளியேறாமல், பம்ப் நின்றதும் ஹோஸ் வழியே திரும்பி வரும். தரை மட்டத்தில் ஹோஸை விடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில மாடல்களில் மெஷின் எடுக்கும் தண்ணீர் தானாகவே கீழே இழுபட்டு ஓடிவிடும். மெஷின் திரும்பத் திரும்ப தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும்.

புதிய இடத்தில் சிங்க்கின் கீழே, பக்கவாட்டில் ஹோஸ் மாட்டும் முனை உள்ள பாட்டில் ட்ராப் (குப்பி வடிவ ட்ராப்) வாங்குங்கள். அந்த முனையின் உள்பக்கம் பல ட்ராப்களில் மெல்லிய பிளாஸ்டிக்கால் அடைத்தே வரும். அதை வெட்டி எடுக்காமல் ஹோஸை மாட்டிவிட்டால், முதல் நாளே தண்ணீர் வடியாது. புது மெஷினில் கோளாறு என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று. சிங்க்குக்கு இப்போது நெளிநெளியான வளையும் பைப் போட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் உறையும். ட்ராப்பின் அடிக்கிண்ணம் கையால் திருகிக் கழற்றும்படி இருக்கட்டும். பிளம்பர் எங்கும் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீர் டியூபை இதே முனையில் சேர்க்க வேண்டாம், அதற்குத் தனி வழி கொடுங்கள்.

அடுத்தது ஹோஸின் வளைவு. மெஷினிலிருந்து வரும் ஹோஸ் கேபினெட்டுக்குள் கிரானைட்டின் அடிப்பக்கம் வரை ஏறி, அங்கே ஒரு கிளாம்பில் உட்கார்ந்து, அப்புறம் ட்ராப்புக்கு இறங்க வேண்டும். இந்த ஏற்றம் இல்லாவிட்டால் சிங்க்கில் கொட்டும் சாம்பார்த் தண்ணீர் மெஷினுக்குள் போகும். எத்தனை உயரம் என்பதை உங்கள் மெஷினின் கையேட்டில் பாருங்கள். பொதுவாக 40 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடையில் சொல்லியிருப்பார்கள். ஏறும் இடமும் இறங்கும் இடமும் தவிர ஹோஸ் எங்கும் தொய்ந்து தொங்கக் கூடாது. நம் சமையலில் எண்ணெயும் நெய்யும் தாராளம். தொய்வில் நிற்கும் நீர் ஆறியதும் கொழுப்பு ஹோஸின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் பருப்பும் தேங்காய்த் துருவலும் சேரும். மாதம் ஒருமுறை 70 டிகிரி புரோகிராமில் ஓடவிட்டால் இது வெகுவாகக் குறையும்.

ஹோஸை கேபிள் டையால் கட்டாதீர்கள். திருகாணி வைத்த ஸ்டீல் கிளிப் போட்டால் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வேலை முடியும். ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் பைப் மீட்டருக்கு இரண்டரை செ.மீ. சரிவில் இருக்கட்டும்; திரும்பும் இடத்தில் சாதாரண எல்போவுக்குப் பதில் டோர் பெண்ட் போடச் சொல்லுங்கள். அதன் மூடியைத் திறந்து கம்பி விடலாம். எனக்கு இந்த ஒரு சாமான் மேல் தனிப் பிரியம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சுவரை உடைக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. கார்பென்டரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: அந்த மூடிக்கு நேரே பின்பலகை திருகாணியில் கழலும் துண்டாக இருக்க வேண்டும்.

தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கும் மின் பிளக்கும் மெஷினுக்குப் பின்னால் வேண்டாம், சிங்க் கேபினெட்டுக்குள் வரட்டும். ஹோஸ் நுழையும் துளையை அதன் ரப்பர் முனையும் நுழையும் அளவுக்குப் பெரிதாகப் போட்டு, விளிம்பை மழுக்கிவிடுங்கள். மெஷினை முழுதாக வெளியே இழுக்குமளவு ஹோஸில் நீளம் வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் நீட்டிப்பு சேர்த்தால் பம்ப் திணறும்.

இனி மெஷினின் உள்ளே. பாஷில் இ24, எல்ஜியில் ஓஇ என்று வந்தால் தண்ணீர் வடியவில்லை என்று பொருள். மின்சாரத்தை நிறுத்தி, ஃபில்டரைத் திருகி எடுத்து, குழியில் உள்ள தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பல மாடல்களில் பக்கத்தில் பம்பின் சிறிய மூடி தெரியும். ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே விரலை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கலாம். எலுமிச்சை விதை, மிளகாய்க் காம்பு, கறிவேப்பிலை நரம்பு, புளி நார் எல்லாம் அங்கேதான் சிக்கியிருக்கும். பம்பின் சிறிய விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாது, உள்ளே காந்தம் இருப்பதால் விட்டு விட்டுத்தான் நகரும். அது சரியான நிலை. நகரவே இல்லை என்றால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மூடியை மறுபடி க்ளிக் என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், கார்பென்டர் பின்பலகையை மூடும் முன், சிங்க்கை விளிம்புவரை நிரப்பி அடைப்பானை எடுத்துவிடுங்கள். தண்ணீர் முழுதும் இறங்கும்வரை மெஷினின் கதவைத் திறந்து அடியில் பாருங்கள். ஒரு சொட்டு ஏறி வந்தாலும் ஹோஸின் வளைவை இன்னும் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், அதன்பின் பலகையைப் பூட்டலாம்.