சிங்கிள் காயிலை எடுத்துவிட்டு ஹம்பக்கர் போட்டால் இரைச்சல் நிற்குமா? டோன் மாறுமா?

உங்களிடம் இருப்பது மூன்று சிங்கிள் காயில் பிக்கப் உள்ள எலெக்ட்ரிக் கிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்; சிங்கிள் காயிலில் ஒரு கம்பிச்சுருள், ஹம்பக்கரில் இரண்டு. காசு செலவழிக்கும் முன் இரைச்சல் எந்த வகை என்று பாருங்கள். ஆம்பை ஓடவிட்டு, கிட்டாரோடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். திசைக்குத் திசை கூடிக் குறைந்தால், அது டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றின் காந்தப்புலத்தைக் காயில் வாங்குவதால் வரும் ஹம். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் அடங்கும் 'கிர்ர்' ஒலி மின்புலத்தால் வருவது.

இரண்டாவதற்கு ஹம்பக்கர் தேவையே இல்லை. பிக்கப் குழி முழுக்கக் காப்பர் டேப் ஒட்டி எர்த்தில் சேருங்கள். டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகை என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு சால்டர் வையுங்கள். எந்த இரு துண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் 1 ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். எர்த்தில் சேராத டேப் ஒட்டியும் பயனில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். ஆனால் காந்தப்புல ஹம்மை அந்த மெல்லிய காப்பர் தடுக்காது.

அதற்குத்தான் ஹம்பக்கர். கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு இது. இரண்டு காயில்கள் எதிரெதிராக இணைந்திருப்பதால் ஹம் ஒன்றையொன்று அழிக்கும். காந்த முனைகளும் எதிரெதிர் என்பதால் ஸ்ட்ரிங் சிக்னல் மட்டும் கூடும்.

டோன் கட்டாயம் மாறும். விற்பவர்கள் காயிலின் மின்தடையை, அதாவது கிலோ ஓமை, மட்டும் போட்டு 'ஹாட்' (சிக்னல் பலமானது) என்று எழுதுவதுதான் எரிச்சல். அதே சுற்றுகளை மெல்லிய கம்பியில் சுற்றினாலே ஓம் ஏறிவிடும். இண்டக்டன்ஸைச் (காயிலின் மின்தூண்டல் அளவை) சொல்லுங்கள் ஐயா! பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்கு அளவும்) சேர்ந்துதான் ஒத்ததிர்வு உச்சத்தை, அதாவது எந்த அதிர்வெண் மிக ஓங்கி ஒலிக்கும் என்பதை, தீர்மானிக்கின்றன. மொத்தம் 600 பிக்கோஃபாரட் என்று வைத்தால், 2.4 ஹென்றி சிங்கிள் காயிலுக்கு உச்சம் சுமார் 4,200 ஹெர்ட்ஸ், 4.4 ஹென்றி ஹம்பக்கருக்குச் சுமார் 3,100. அந்தப் பளிச்சென்ற ஓசை போவது இதனால்தான். ஸ்ட்ரிங்கை இரண்டு இடத்தில் கேட்பதால் சில மேல்சுரங்களும் கழிந்துபோகும். காந்தத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இண்டக்டன்ஸைத்தான்.

மாற்றியே தீர்வதென்றால் 250 கிலோ ஓம் பாட்களை (வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே உள்ள மாறு மின்தடைகளை) 500 ஆக்குங்கள். இல்லாவிட்டால் உச்சம் மேலும் அமுங்கி ஓசை மந்தமாகும்.

பழைய டோன் வேண்டுமென்றால் பிக்கப் ஸ்விட்சின் 2, 4-ஆம் நிலைகளை (நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப் ஒன்றும் சேர்ந்து ஒலிப்பவை) முதலில் கேளுங்கள். நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்முனை வகையாக இருந்தால் அந்த இரண்டிலும் ஹம் ஏற்கெனவே அடங்கியிருக்கும். அப்படி இல்லையென்றால் நடு பிக்கப்பை மட்டும் மாற்றினால் போதும்.