குளோரின், புரோமின், அயோடின் ஏன் ஒரே தொகுதியில்?

ஒன்று வாயு, ஒன்று திரவம், ஒன்று திண்மம். மூன்றையும் தனிம அட்டவணையின் 17ஆம் தொகுதியில் ஏன் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்றத்தை விடுங்கள், அணுவின் வெளிக்கூட்டை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கும் கடைசி அடுக்கைப் பாருங்கள். மூன்றிலும் 7 எலக்ட்ரான்கள். எட்டு இருந்தால்தான் அது நிறையும், ஒன்று குறை. அந்த ஒன்றுக்கு அலைவதுதான் இவற்றின் குணம்.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையிலேயே மூன்றையும் காட்டலாம். வாலிநோக்கம் உப்பளப் பாத்தியில் வாரும் உப்பில் குளோரின், சோடியத்திடம் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சாதுவாக இருக்கிறது. உப்பு வாரியபின் மிஞ்சும் நீரை ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள், கசக்கும். கசப்பு மக்னீசியத்தால், ஆனால் புரோமைடும், அதாவது ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட புரோமினும், அதில்தான் தங்குகிறது. 1826இல் பலார் என்ற பிரெஞ்சுக்காரர் இதுபோன்ற கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தித்தான் புரோமினைப் பிடித்தார். குளோரின் அணு சிறியது, எலக்ட்ரானைப் பிடுங்கும் பலம் அதிகம், புரோமைடிடமிருந்தே பறித்துவிடும். தொகுதியில் கீழே போகப் போக அந்தப் பலம் குறையும்.

அயோடின்? பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் கடல்பாசியில் கொஞ்சம் உண்டு. 1811இல் முதலில் கிடைத்ததும் பாசிச் சாம்பலில்தான்.

சரி, நிலை ஏன் மாறுகிறது? அணு பெரிதாகும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். அதனால்தான் வாயு, திரவம், திண்மம் என்ற வரிசை.